நமக்கும் ஒரு சிக்னெட்டி வேண்டுமா? நெப்ராஸ்காவின் பயிற்சியாளர் தேர்வுகள் குறித்து

லிங்கன்வாசி எழுதியது:

இந்தியானா பல்கலைக்கழகம் 2026 ஜனவரியில் மயாமியை 27-21 என்று வென்று கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் தேசியப் பட்டத்தை எடுத்துச் சென்றபிறகு, நெப்ராஸ்கா ரசிகர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே கேள்விதான்: இந்தியானாவின் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டியைப் போல் ஒருவர் நமக்கு எப்போது கிடைப்பார்? நம் தலைமைப் பயிற்சியாளர் மேட் ரூலின் ஒப்பந்தம் 2032 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அவரை இன்றே அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தேர்வு என்றைக்கு வந்தாலும் அன்று என்ன கேட்க வேண்டும் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாம் தவறான கேள்வியையே கேட்டுவருகிறோம் என்பது என் கருத்து.

இந்தியானாவிலிருந்து பலர் எடுத்துக்கொள்ளும் பாடம் இது: வென்று பழகிய ஒருவரைப் பிடி, அவருடைய உதவியாளர்களையும் மொத்தமாக அழைத்து வரச் சொல். இதைத்தானே நாம் 2017 டிசம்பரில் செய்தோம்? மத்திய புளோரிடாவில் ஒரு தோல்விகூட இல்லாத பருவம், தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்காக 1997-இல் நமக்குப் பட்டம் வென்று தந்தவர், இந்த மாநிலத்தின் மண்ணில் பிறந்தவர். ஸ்காட் ஃப்ராஸ்டைவிடப் பொருத்தமான பெயர் அன்று நாட்டில் இல்லை. அங்கிருந்த உதவிப் பயிற்சியாளர்களை ஏறக்குறைய அப்படியே நம் ஊரான லிங்கனுக்குக் கொண்டுவந்தார். முடிவு 16 வெற்றி, 31 தோல்வி.

சிக்னெட்டியும் 2023 நவம்பர் இறுதியில் ஜேம்ஸ் மேடிசனிலிருந்து தம் ஆட்களோடுதான் வந்தார். தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் பிரையன்ட் ஹெய்ன்ஸ், தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் மைக் ஷானஹன், கூடவே பதின்மூன்று வீரர்கள். முதல் பருவம் 11 வெற்றி, 2 தோல்வி (11-2), இரண்டாவது 16-0.

இருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள் என்றால், ஒருவர் ஏன் தோற்றார்? ஹெய்ன்ஸும் ஷானஹனும் சிறிய கல்லூரிகளின் இரண்டாம் பிரிவில் ஆடும் ஐ.யு.பி. (பென்சில்வேனியாவின் இந்தியானா பல்கலைக்கழகம்), பிறகு ஈலான், பிறகு ஜேம்ஸ் மேடிசன் என மூன்று கல்லூரிகளில் சிக்னெட்டியோடு வேலை செய்தவர்கள். மூன்று விதமான வீரர்கள், மூன்று விதமான வரவு செலவு, மூன்று விதமான எதிரணிகள். ஒவ்வோர் இடத்திலும் அந்தக் குழு வென்று காட்டியது. ஃப்ராஸ்டின் குழு ஒன்றாக உழைத்தது ஒரே கல்லூரியில், இரண்டே பருவங்கள். ஆள் எண்ணிக்கையைப் பார்த்தோமே தவிர, அந்தக் குழு எத்தனை சோதனைகளைத் தாண்டியது என்று நாம் பார்க்கவில்லை.

அதனால் வேட்பாளரின் பெயரைக் கேட்கும்போதே நான் கேட்க விரும்புவது: அவரோடு வருபவர்கள் யார், எங்கெல்லாம் சேர்ந்து உழைத்தார்கள், அவர்களில் ஒருவர் சரியில்லை என்றால் அவரை மாற்றும் மனம் இந்த மனிதருக்கு உண்டா?

உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

புளூமிங்டன்_ஏழாம்_தெரு எழுதியது:

நான் இந்தியானா ரசிகன். மகிழ்ச்சியின் உச்சியில் இருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் எங்கள் கதையின் முன்பகுதியைத் தெரிந்துகொண்டால்தான் பின்பகுதி விளங்கும்.

சிக்னெட்டிக்கு முன் டாம் ஆலன் ஏழு பருவங்கள் இருந்தார். மொத்தக் கணக்கு 33-49. ஆனால் நடுவில் இரண்டு நல்ல ஆண்டுகள் உண்டு: 2019-இல் 8-5, பெருந்தொற்று ஆண்டான 2020-இல் 6-2. அந்த 2019 அணியின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் கேலன் டிபோர். தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் கேன் வொமாக். டிபோர் அந்தப் பருவம் முடிந்ததும் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அடுத்த ஆண்டு முடிந்ததும் வொமாக் தெற்கு அலபாமாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அதன்பின் ஆலனின் பருவங்கள்: 2-10, 4-8, 3-9.

தலைமைப் பயிற்சியாளர் அதே மனிதர்தான். வீரர்கள் அவருக்காக உயிரைக் கொடுத்து ஆடினார்கள், அதில் எங்களுக்கு ஐயமே இல்லை. ஆனால் இரண்டு நாற்காலிகள் காலியாகி, அவற்றில் சரியான ஆட்கள் அமராததால் மூன்று ஆண்டுகள் வீணாயின. அவரை அனுப்பப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்ட தொகை 15.5 மில்லியன் டாலர்.

பின்னர் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபன் 2024 ஜனவரியில் ஓய்வுபெற்றபோது அந்த இடத்துக்கு அலபாமா அழைத்தது டிபோரை. அவர் தற்காப்புக்கு அழைத்துக்கொண்டது வொமாக்கை. 2026 புத்தாண்டு நாளில் ரோஸ் பௌல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் அவர்கள் இருவரும் எதிர்ப்பக்கம் நிற்க, நாங்கள் 38-3 என்று வென்றோம். எங்களிடம் ஒரு காலத்தில் இருந்த நல்ல குழுவை, அதைவிட நீண்ட நாள் சேர்ந்திருந்த ஒரு குழு வீழ்த்தியது. அந்த ஆட்டத்தை நான் அப்படித்தான் பார்த்தேன்.

முதலாண்டு_மாணவி எழுதியது:

வணக்கம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்குச் சென்ற ஆகஸ்டில்தான் வந்தேன். ஆய்வகத்தில் இருக்கும் எல்லோரும் சனிக்கிழமை செந்நிறச் சட்டையில் கிளம்பிவிடுகிறார்கள், நானும் போய்ப் பார்த்துப் பார்த்து இந்த ஆட்டம் பிடித்துவிட்டது. ஓர் அடிப்படைக் கேள்வி, மன்னிக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர்தான் தாக்குதலையும் தற்காப்பையும் நடத்துகிறார் என்றால் தலைமைப் பயிற்சியாளருக்கு அங்கே என்ன வேலை? கோடிக்கணக்கில் சம்பளம் எதற்கு?

லிங்கன்வாசி எழுதியது:

சகோதரி, மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. இந்த விவாதமே அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சமையற்காரர் எல்லா அண்டாவையும் தானே கிளறுவதில்லை. எந்த அடுப்புக்கு எந்த ஆள், எது எப்போது இறங்க வேண்டும், பந்திக்கு ஆள் கூடினால் என்ன செய்வது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. சாம்பார் கெட்டால் பழியும் அவருக்குத்தான்.

ஒவ்வோர் ஆட்டத்திலும் அடுத்து எந்தத் திட்டத்தை ஆடுவது என்று அழைப்பவர் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர். எதிரணியின் வரிசையைப் பார்த்துத் தடுப்பை அமைப்பவர் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர். உதை, உதையைத் திருப்பி ஓடுவது, கோல் கம்பத்துக்கு இடையே அடிப்பது ஆகியவை ஸ்பெஷல் டீம்ஸ் என்ற மூன்றாவது பிரிவு. இவர்களுக்குக் கீழே குவாட்டர்பேக், ஆஃபென்சிவ் லைன் என்ற தாக்குதல் முன்வரிசை, பந்தை வாங்கி ஓடுபவர்கள், பின்களத் தடுப்பாளர்கள் என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பயிற்சியாளர். 2018 முதல் களத்தில் பயிற்சி தரும் உதவியாளர்கள் பத்துப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இருந்தது. 2024-இல் அதைத் தளர்த்தி, பகுப்பாய்வாளர்களும் களத்தில் இறங்கிப் பயிற்சி தரலாம் என்றார்கள். ஆக, பணம் உள்ள கல்லூரியில் இன்று இது ஒரு பெரிய அலுவலகம்.

சில தலைமைப் பயிற்சியாளர்கள் ஒரு பக்கத்தைத் தாங்களே அழைப்பார்கள். சிலர் எதையும் அழைக்காமல் முழு அமைப்பையும் பார்த்துக்கொள்வார்கள். சேபன் அலபாமாவில் 17 பருவங்களில் ஆறு பட்டங்கள் வென்றார். அந்தக் காலத்தில் அவருடைய ஒருங்கிணைப்பாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். லேன் கிஃபின் போனார், கிர்பி ஸ்மார்ட் போனார், ஸ்டீவ் சார்க்கிசியன் போனார். அமைப்பு அசையவில்லை. வந்தவர் அவர் முறையைக் கற்றுக்கொண்டு வேலை செய்தார். அந்த முதல் 2007 குழுவில் பந்து வாங்குபவர்களுக்குப் பயிற்சி தந்து, புதிய வீரர்களைச் சேர்க்கும் பணியையும் பார்த்தவர் யார் தெரியுமா? சிக்னெட்டிதான். அங்கே பார்த்ததைத்தான் ஐ.யு.பி.யில் தொடங்கினார். அலபாமாவை விட்டுவிட்டு, தம் தந்தை பயிற்சியாளராக இருந்த இரண்டாம் பிரிவுக் கல்லூரிக்குக் குறைந்த சம்பளத்தில் போனார். தாமே ஒரு குழுவைக் கட்ட வேண்டும் என்ற ஆசை இல்லாமல் யாரும் அப்படிப் போகமாட்டார்கள்.

ஓமஹாக்காரன் எழுதியது:

லிங்கன்வாசி அண்ணா, உங்கள் வாதத்தில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்கவில்லை.

ஃப்ராஸ்ட் தோற்றதற்குக் குழு காரணம் என்கிறீர்கள். 2021 பருவத்தை நினைத்துப் பாருங்கள். 3-9. ஒன்பது தோல்விகளும் ஒன்பது புள்ளிக்குள். ஓஹையோ ஸ்டேட்டிடம்கூட 26-17 தான். ஒரு குழு உண்மையிலேயே திறமையற்றதாக இருந்தால் அணி 40 புள்ளியில் நசுங்கும். நாம் ஒவ்வொரு வாரமும் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் தோற்றோம். அவருடைய காலம் முழுவதிலும் எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களில் 5 வெற்றி, 22 தோல்வி. நெருக்கடியில் முடிவெடுப்பது யார்? தலைமைப் பயிற்சியாளர்.

டப்ளினை மறந்துவிட்டோமா? 2022 ஆகஸ்ட் 27, நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக மூன்றாம் கால்பகுதியில் 28-17 என்று முன்னிலை. ஆட்டம் கையில். அப்போது ஆன்சைட் கிக், அதாவது பந்தை நாமே திரும்பப் பிடிக்க முயலும் குட்டை உதை, அடிக்கச் சொன்னார். பந்து எதிரணிக்குப் போனது, ஆட்டமும் போனது, 31-28. அந்த முடிவை எந்த உதவியாளர் தலையில் வைப்பீர்கள்? அந்த ஆண்டு மார்க் விப்பிள் என்ற புதிய தாக்குதல் ஒருங்கிணைப்பாளரும், ஸ்பெஷல் டீம்ஸுக்கென்று தனியாக பில் புஷ்ஷும் வந்திருந்தார்கள். குழு மாறியது, முடிவெடுக்கும் மனிதர் மாறவில்லை.

எனவே என் கேள்வி எளியது. இந்த மனிதர் நெருக்கமான ஆட்டங்களை வென்றிருக்கிறாரா? அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

லிங்கன்வாசி எழுதியது:

> குழு மாறியது, முடிவெடுக்கும் மனிதர் மாறவில்லை.

எப்போது மாறியது என்று பார்க்க வேண்டும், தம்பி. தாக்குதல் பக்கத்தில் நான்கு உதவிப் பயிற்சியாளர்களை ஃப்ராஸ்ட் நீக்கியது 2021 நவம்பரில். அவர் வந்து நான்காவது பருவம், இரண்டு ஆட்டங்களே மீதி. தம்முடைய பதவியைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நிலை வந்தபிறகுதான் நண்பர்களைத் தொட்டார். அதற்குள் ஆஃபென்சிவ் லைனில் மூன்று ஆண்டு வீரர் சேர்ப்பு போய்விட்டது. உதை ஆட்டத்தில் ஆண்டுதோறும் ஒரே குறையைப் பார்த்தோம், அந்தப் பொறுப்பு வேறு வேலையோடு சேர்த்து யாருக்காவது கொடுக்கப்பட்டது. நெருக்கமான ஆட்டங்கள் எங்கே தோற்கின்றன? தவறிய ஃபீல்டு கோலில், திருப்பி ஓடவிட்ட பன்ட் உதையில், மூன்றாவது டவுன் என்ற மூன்றாம் முயற்சியில் ஓரடி முன்னேற முடியாத லைனில். அந்த 5-22 என்ற கணக்குக்குள் உதவியாளர்களின் பெயர்கள் நிறைய இருக்கின்றன.

டப்ளின் ஆன்சைட் கிக் அவருடைய முடிவு. அதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை.

மெமோரியல்_திடல்_கிழக்கு எழுதியது:

முப்பது ஆண்டுகளாக இந்த நகரில் இருப்பவன் என்ற முறையில் நடுவில் வருகிறேன். ஃப்ராஸ்டிலிருந்து தொடங்கினால் கதை புரியாது. ஃப்ராங்க் சோலிச்சிலிருந்து தொடங்க வேண்டும்.

பாப் டெவானி 1962-இல் வந்தார். அவருடைய உதவியாளர் டாம் ஆஸ்போர்ன் 1973-இல் பொறுப்பேற்று 25 பருவங்களில் 255 ஆட்டங்கள் வென்றார். ஆஸ்போர்னின் உதவியாளர் சோலிச் 1998-இல் வந்தார். மூன்று பேரும் ஒரே வீட்டின் ஆட்கள். மில்ட் டெனோபிர் ஆஃபென்சிவ் லைனை 1974 முதல் 2002 வரை பார்த்துக்கொண்டார். சார்லி மெக்பிரைட் தற்காப்பை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். உடற்பயிற்சிக்கென்று ஒரு பயிற்சியாளர் தேவை என்பதையே நாட்டுக்குக் காட்டிக்கொடுத்த பாய்ட் எப்லி 1969-இல் இங்கேதான் தொடங்கினார். ஐந்து பட்டங்களும் அந்த ஒரே பரம்பரைக்குள் வந்தவை. மக்கள் ஆஸ்போர்னின் பெயரைச் சொல்கிறார்கள். அவர் பக்கத்தில் கால் நூற்றாண்டு நின்றவர்களின் பெயர்களை இன்றைய இளைஞர்கள் கேட்டதே இல்லை, அது எனக்கு வருத்தம்.

இப்போது 2002-க்கு வாருங்கள். சோலிச்சின் அணி 7-7. அவர் என்ன செய்தார்? நெடுநாள் நண்பர்களை மாற்றினார். தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் கிரெய்க் போலை நீக்கிவிட்டு போ பெலினி என்ற இளைஞரைக் கொண்டுவந்தார். லிங்கன்வாசி கேட்கிறாரே, "ஒருவர் சரியில்லை என்றால் மாற்றும் மனம் உண்டா" என்று, அந்த மனம் அவருக்கு இருந்தது. பலன் உடனே தெரிந்தது. 2003-இல் 9-3. அந்த நவம்பரில் விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்டீவ் பெடர்சன் சோலிச்சைப் பதவிநீக்கம் செய்தார்.

எனக்கு இன்றும் ஆறாத காயம் அது. சரியானதைச் செய்த மனிதரை, அது பலன் தரத் தொடங்கிய மாதத்தில் அனுப்பினோம். அடுத்து வந்த பில் காலஹன் தொழில்முறை ஆட்டத்திலிருந்து வந்தவர், ஓக்லண்டை சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோனவர். பெயர் பெரியது. 2004-இல் 5-6. 1961-க்குப் பிறகு முதல்முறையாக வெற்றியைவிடத் தோல்வி அதிகம், 35 ஆண்டுகள் தொடர்ந்து பௌல் என்ற பருவ இறுதி ஆட்டத்துக்குப் போன தொடரும் அறுந்தது.

நாம் அனுப்பியவர்கள் என்ன ஆனார்கள்? போல் வடக்கு டகோட்டா ஸ்டேட்டுக்குப் போய் 2011, 2012, 2013 என்று தொடர்ந்து மூன்று முறை எஃப்.சி.எஸ். என்ற, முதல் பிரிவின் கீழ்த்தட்டுப் பட்டத்தை வென்றார். சோலிச் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் 115 வெற்றிகள் பெற்று அது ஆடும் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் வரலாற்றிலேயே முதலிடத்தில் நின்றார். இந்தியானாவின் 2024 அணியை நடத்திய குவாட்டர்பேக் கர்டிஸ் ரோர்க் அந்த ஓஹையோவில், சோலிச்சிடம் சேர்ந்து தொடங்கியவர்தான்.

ஆகவே அடுத்த பயிற்சியாளர் யார் என்பதற்கு முன், அவரைத் தேர்ந்தெடுக்கும் மனிதருக்குப் பொறுமை உண்டா என்று கேட்க வேண்டும். ஒரு பயிற்சியாளர் குழுவை மாற்றினால் அந்தக் குழுவுக்குக் குறைந்தது இரண்டு பருவங்கள் கொடுக்கத் தெரியாத இயக்குநர், எந்த சிக்னெட்டியைக் கொண்டுவந்தாலும் வீணடிப்பார்.

புளூமிங்டன்_ஏழாம்_தெரு எழுதியது:

ரோர்க் சோலிச்சிடம் தொடங்கியவர் என்பதை எங்கள் ஊரில் பத்துப் பேரிடம் சொல்லப்போகிறேன். மிக்க நன்றி ஐயா.

தணிக்கையாளர் எழுதியது:

கணக்குப் பக்கத்தைச் சொல்கிறேன். உணர்ச்சியைவிட இதுதான் தேர்வுகளைக் கெடுக்கிறது.

ஃப்ராஸ்டை 2022 செப்டம்பர் 11 அன்று நீக்கினார்கள், ஜார்ஜியா சதர்னிடம் 45-42 என்று தோற்ற மறுநாள். அப்போது ஒப்பந்த முறிவுத் தொகை 15 மில்லியன் டாலர். அக்டோபர் 1 வரை காத்திருந்தால் 7.5 மில்லியன். மூன்று வாரம் பொறுக்க முடியாமல் பாதித் தொகையைக் கூடுதலாகக் கொடுத்தோம். டெக்சஸ் ஏ அண்ட் எம் ஜிம்போ ஃபிஷரை 2023 நவம்பரில் அனுப்பியபோது கொடுக்க ஒப்புக்கொண்டது 75 மில்லியனுக்கும் மேல். கல்லூரி விளையாட்டில் அதுவரை கேள்விப்படாத தொகை.

இந்தப் பணம் யாருடைய பையிலிருந்து குறைகிறது? தலைமைப் பயிற்சியாளருக்கு எட்டு, பத்து ஆண்டு உறுதி தருகிறோம். உதவியாளர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுதான். தலைவர் நீக்கப்பட்டால் பெரும்பணத்தோடு போகிறார், அவரை நம்பி வீட்டை விற்று, பிள்ளைகளின் பள்ளியை மாற்றி வந்த பத்துக் குடும்பங்கள் டிசம்பர் குளிரில் வேறு ஊர் தேடுகின்றன. அந்தச் செய்தியை யாரும் எழுதுவதில்லை.

என் பரிந்துரை இது. தலைவரின் உறுதித் தொகையைக் குறைத்து, உதவியாளர்களுக்கான மொத்தச் சம்பளத் தொகையை உயர்த்துங்கள். அதை ஒப்பந்தத்திலேயே எண்ணாக எழுதுங்கள். நல்ல வேட்பாளர் முதலில் கேட்பதும் அதைத்தான்: என் குழுவுக்கு எவ்வளவு தருவீர்கள்? அதைக் கேட்காமல் தம் சம்பளத்தை மட்டும் பேசுபவரோடு அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

காலேஜ்_ஸ்டேஷன்_பழைய_மாணவன் எழுதியது:

டெக்சஸ் ஏ அண்ட் எம் என்று எங்கள் பெயர் வந்துவிட்டதால் எழுதுகிறேன். ஃபிஷர் தேசியப் பட்டம் வென்ற பெயரோடு வந்தார், பத்தாண்டு, 75 மில்லியன், முழு உறுதி. அவர் போனபிறகு எங்களுக்குக் கிடைத்தவர் மைக் எல்கோ. யார் அவர்? ஃபிஷரின் கீழேயே 2018 முதல் 2021 வரை தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். ட்யூக்கில் இரண்டு பருவம் தலைமைப் பொறுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இந்த ஊரின் பணக்காரர்களையும், அவர்களின் அவசரத்தையும், எந்தப் பள்ளியிலிருந்து எந்தப் பையன் வருவான் என்பதையும் உள்ளிருந்து பார்த்தவர். இரண்டாம் பருவத்தில், 2025-இல், எங்கள் அணி முதன்முறையாகப் பட்டத்துக்கான தேசிய பிளேஆஃபுக்குப் போனது.

தாக்குதல் தமக்குத் தெரிந்த துறையல்ல என்பதால் கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து காலின் க்ளைனை அழைத்து முழுப் பொறுப்பையும் கொடுத்தார். தற்காப்பு சரியில்லாதபோது 2025-இல் தாமே இறங்கி அழைப்புகளைக் கையில் எடுத்தார். இப்போது க்ளைன் கான்சஸ் ஸ்டேட்டுக்கே தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். டாம் ஆலனுக்கு டிபோர் போனபின் நடந்தது எங்களுக்கும் நடக்குமா என்பதுதான் என் கவலை. நல்ல உதவியாளர் போவது உறுதி. அடுத்தவரை மனத்தில் வைத்திருக்கிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கிளெம்சனைப் பாருங்கள். டாபோ ஸ்வின்னி 2016, 2018 என்று இரண்டு பட்டங்கள் வென்றபோது பிரென்ட் வெனபிள்ஸ் தற்காப்பைப் பார்த்தார், டோனி எலியட் தாக்குதலைப் பார்த்தார். 2021 டிசம்பரில் இருவரும் சில நாள் இடைவெளியில் தலைமைப் பயிற்சியாளர்களாகப் போய்விட்டார்கள். ஸ்வின்னி உள்ளே இருந்தவர்களையே உயர்த்தினார். விசுவாசம் நல்ல குணம், நான் மதிக்கிறேன். ஆனால் அதன்பின் 2016, 2018 போன்ற ஓர் அணி அங்கே வரவில்லை.

ஓமஹாக்காரன் எழுதியது:

தணிக்கையாளர் ஐயா சொன்ன சம்பளத் தொகை விஷயம் சரி. ஆனால் இன்று பணம் போகும் இடமே மாறிவிட்டதே? 2025 ஜூலையிலிருந்து ஒவ்வொரு கல்லூரியும் வீரர்களுக்கே நேரடியாகப் பங்கு தரலாம், முதலாண்டில் 20.5 மில்லியன் வரை. வீரர்கள் கல்லூரி மாறப் பதிவுசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் ஜனவரியில் பாதி அணி மாறுகிறது. இந்த நிலையில் மூன்றாண்டு பொறுத்து லைனை வளர்ப்பது, குழுவுக்கு இரண்டு பருவம் கொடுப்பது என்பதெல்லாம் ஆஸ்போர்ன் காலத்துப் பேச்சு. ஸ்டான்ஃபர்டு 2024-இல் தன் முன்னாள் குவாட்டர்பேக் ஆண்ட்ரூ லக்கைப் பொது மேலாளராக வைத்து, பயிற்சியாளரை நீக்கும் அதிகாரத்தையும் அவர் கையில் கொடுத்தது. இனி முதலில் தேட வேண்டியது பொது மேலாளரை. பயிற்சியாளர் இரண்டாவது.

புளூமிங்டன்_ஏழாம்_தெரு எழுதியது:

போர்ட்டல் வந்தபிறகுதான் குழு இன்னும் முக்கியமாகிறது என்று நான் நினைக்கிறேன். ஜேம்ஸ் மேடிசனிலிருந்து பதின்மூன்று பேர் ஏன் வந்தார்கள்? சிக்னெட்டியின் பேச்சுக்காக மட்டுமா? தம் நிலைக்குப் பயிற்சி தரும் மனிதரும் கூடவே வருகிறார், கற்ற பாடம் வீணாகாது என்று தெரிந்ததால். பெர்னாண்டோ மெண்டோசா கலிபோர்னியாவிலிருந்து வந்து ஒரே பருவத்தில் ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். ஒரே ஆண்டில் ஒரு குவாட்டர்பேக்கை அந்த அளவுக்குக் கொண்டுபோக, பல ஆண்டுகளாக மாறாத ஒரு தாக்குதல் முறையும் அதைச் சொல்லித்தரத் தெரிந்தவர்களும் வேண்டும். வீரர்கள் ஆண்டுதோறும் மாறும்போது மாறாமல் இருக்கக்கூடியது பயிற்சியாளர் குழு மட்டும்தான்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். எங்களைவிட அதிகம் செலவழித்த அணிகள் பல உண்டு, அவற்றை வென்றுதான் வந்தோம்.

முதலாண்டு_மாணவி எழுதியது:

எல்லோரும் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அப்படியானால் மேட் ரூல் பற்றி என்ன சொல்வீர்கள்? நான் வந்தபிறகு பார்த்த ஒரே பயிற்சியாளர் அவர்தான். லிங்கன்வாசி அண்ணா சொல்லும் அளவுகோலில் அவர் தேறுகிறாரா?

மெமோரியல்_திடல்_கிழக்கு எழுதியது:

என் பதில் சுருக்கமானது. 2023-இல் 5-7, 2024-இல் 7-6, 2025-இல் 7-6. 2016-க்குப் பிறகு நமக்கு பௌல் ஆட்டமே இல்லை, அவர் இரண்டு முறை கொண்டுபோனார். பொறுமையாக இருங்கள்.

லிங்கன்வாசி எழுதியது:

என் பதில் கொஞ்சம் நீளம், சகோதரி.

ரூல் வருவதற்கு முன் டெம்பிளிலும் பேய்லரிலும் ஒரே வழியில் போனார். டெம்பிள் 2-10-இல் தொடங்கி மூன்றாம் பருவத்தில் 10-4. பேய்லர் 1-11-இல் தொடங்கி மூன்றாம் பருவத்தில் 11-3. இரண்டு இடங்களில் நிரூபித்தவர் என்ற வகையில் அவர் நல்ல தேர்வுதான். லிங்கனில் அந்த மூன்றாம் பருவத் தாவல் வரவில்லை, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

குழுவைப் பார்க்கும்போது இரண்டு பக்கமும் தெரிகிறது. தாக்குதலுக்கு மார்க்கஸ் சாட்டர்ஃபீல்டைக் கொண்டுவந்தார். டெம்பிளிலும் தொழில்முறை அணியான கரோலினாவிலும் அவரோடு இருந்தவர், நெருங்கிய நண்பர். தாக்குதல் நகரவில்லை. 2024 நவம்பரில், பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே, அழைக்கும் பொறுப்பை டேனா ஹால்கோர்சனிடம் மாற்றினார். ஃப்ராஸ்ட் நான்காவது பருவத்தின் இறுதியில் செய்ததை ரூல் இரண்டாவது பருவத்திலேயே செய்தார். இதற்காக அவரை நான் மதிக்கிறேன். நண்பரிடம் போய் அதைச் சொல்வது எளிதல்ல.

தற்காப்புப் பக்கம்தான் என்னை உறுத்துகிறது. டோனி வைட் 2024 முடிவில் புளோரிடா ஸ்டேட்டுக்குப் போனார். உள்ளே இருந்த ஜான் பட்லரை உயர்த்தினார், ஒரு பருவத்தோடு அவரை மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது சான் டியாகோ ஸ்டேட்டிலிருந்து ராப் ஆரிச் வந்திருக்கிறார். நான்கு ஆண்டுக்குள் மூன்றாவது தற்காப்பு ஒருங்கிணைப்பாளர். ஒவ்வொருவரும் தம் சொற்களோடு, தம் வரிசை முறையோடு வருகிறார்கள். மூன்றாண்டு இருந்த ஒரு பின்களத் தடுப்பாளன் மூன்று முறை புதிதாகப் படிக்கிறான். மாற்றத் தெரிந்த மனிதர் என்று அவரைச் சொல்வேன். அடுத்தவரைத் தயாராக வைத்திருக்கும் மனிதர் என்று இன்னும் சொல்லமாட்டேன். காலேஜ் ஸ்டேஷன் நண்பர் சொன்னது இதைத்தான்.

ஓமஹாத் தம்பிக்கு: பொது மேலாளர் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. வீரர்களைப் பணம் கொடுத்துச் சேர்ப்பது தனி வேலையாகிவிட்டது. ஆனால் அவர் கொண்டுவரும் பையனுக்குச் செவ்வாய்க்கிழமை பிற்பகலில் கால் எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லித்தருபவர் லைன் பயிற்சியாளர்தான்.

ஆரிச்சுக்கு இரண்டு பருவம் முழுதாகக் கொடுக்க வேண்டும், நடுவில் யார் கத்தினாலும். விளையாட்டுத் துறை இயக்குநர் ட்ராய் டேனனுக்கு இதையே கடிதமாக எழுதலாம் என்றிருக்கிறேன். தணிக்கையாளர் ஐயா, உதவியாளர்களின் மொத்தச் சம்பளத் தொகையை ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதுவது பற்றிய பத்தியை நீங்கள் எழுதித் தந்தால் அப்படியே சேர்த்துக்கொள்வேன்.

தணிக்கையாளர் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி அனுப்புகிறேன். உதவியாளர்களுக்கு மூன்றாண்டு உறுதி என்பதையும் சேர்க்கலாமா? அது இல்லாமல் தொகையை மட்டும் உயர்த்தினால் நல்லவர்கள் வருவார்கள், தங்கமாட்டார்கள்.

ஓமஹாக்காரன் எழுதியது:

கடிதத்தில் பொது மேலாளர் பற்றி ஒரு வரியாவது இருந்தால் நானும் கையெழுத்திடுகிறேன். இல்லையென்றால் தனியாக எழுதுவேன்.

லிங்கன்வாசி எழுதியது:

ஒரு வரி இருக்கும், தம்பி. மூன்றாண்டு உறுதியும் இருக்கும்.